ஒரம்பரை கொண்டு வந்த வளையம்

எங்க ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வர்ற சொந்தபந்தத்தை ஒரம்பரைன்னு சொல்லுவோம். ஒரம்பரை வந்தா கோழி அடிச்சுச் சோறு போடுவோம். ஆனா ஐப்பசி கார்த்திகையில எங்க குளத்துக்கு ஒரு ஒரம்பரை வரும். அதைப் பிடிச்சு அடிச்சே சோறு தின்னோம். இன்னைக்கு எழுதப் போறது அந்தக் கதையைத்தான். கொஞ்சம் சரித்திரமும் இருக்கும், கொஞ்சம் என் குத்தமும் இருக்கும்.

போன கார்த்திகை முதல் வாரம். சோளத்தட்டு அறுத்துப் போர் போட்டாச்சு, தென்னைக்கு மழைத் தண்ணியே போதும், தோட்டத்தில் பெரிய வேலை இல்லை. தங்கச்சி மகன் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கான். கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கிட்டுக் குளம் குளமா அலையுற கூட்டத்தில் அவனும் ஒருத்தன். "மாமா, மூணு நாள் கோடியக்கரை போலாம் வாங்க. உங்களுக்குப் பறவை தெரியும், எனக்குப் பேரு தெரியும். ரெண்டு பேரும் சேந்தா சரியா இருக்கும்"னு கூப்பிட்டான்.

எனக்குப் பறவை தெரியும்கிறது நெசம்தான். எப்படித் தெரியும்னு அவனுக்குத் தெரியாது.

எங்க தோட்டம் சூலூர்ப் பக்கம். நொய்யல் தண்ணியில் நிறையுற குளங்கள் இருக்கிற ஊர். எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, கண்ணி வைக்கிறதில் கைகாரர். குதிரைவால் முடியை முறுக்கிச் சுருக்குப் போட்டு, குளத்தோரச் சேத்தில் வரிசையாக் குச்சி நட்டுக் கட்டிடுவார். விடியக் கருக்கலில் போய்ப் பாத்தா நாலஞ்சு உள்ளான் மாட்டியிருக்கும். எந்த உள்ளான் எந்தச் சேத்தில் மேயும், எது கூட்டமா எறங்கும், எது தனியா வரும், எது எப்படிக் கத்தும்னு எல்லாம் அவருக்கு அத்துப்படி. நானும் கூடவே போவேன். அவர் சொல்லிக் கொடுத்ததுதான் எனக்குத் தெரிஞ்ச பறவைப் படிப்பு.

1982 இல்லைன்னா 83. நான் மூணாங்கிளாஸ். ஒரு நாள் கண்ணியில் மாட்டுன உள்ளான் ஒண்ணோட காலில் வெள்ளி மாதிரி ஒரு சின்ன வளையம். பொறி உள்ளான்னு இப்பச் சொல்றாங்களே, முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்டது, அதுதான். அப்பாரு வளையத்தைக் கழட்டி எங்கிட்டக் கொடுத்துட்டார். பறவை வழக்கம் போலச் சட்டிக்குப் போயிருச்சு. அந்த வளையம் என் சிலேட்டுக் குச்சியில் மாட்டுறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்தது. மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். வாத்தியார் வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்தார். "பாம்பேன்னு போட்டிருக்கு. தகவல் சொல்லச் சொல்லி எழுதியிருக்கு, நம்பரும் இருக்கு. ஒரு கார்டு வாங்கி எழுதிப் போடுடா"ன்னார்.

கார்டு 15 பைசா. சாயங்காலம் அப்பாருகிட்டக் கேட்டேன். "எழுதிப் போட்டீன்னா கவுருமெண்டுக்காரன் தேடிக்கிட்டு வந்து நிப்பான். எதுக்குச் சாமி நமக்கு அந்த வம்பு?"ன்னு சொல்லிட்டு வெத்தலையைப் போட்டுக்கிட்டார். அதோட விட்டாச்சு. கொஞ்ச நாளில் வளையமும் எங்கியோ தொலைஞ்சு போச்சு. நாப்பது வருஷமா அதை நான் நெனச்சது கூட இல்லை.

கோயமுத்தூரில் காலையில் ரயில் ஏறினோம். ஈரோடு தாண்டினதும் தண்டவாளம் காவிரிக் கரையை ஒட்டியே போகும். கொடுமுடிக்கு அப்புறம் ஒரு சின்னப் பாலம், கீழே நொய்யல். வெள்ளியங்கிரி மலையில் பொறந்து, எங்க ஊர்க் குளத்தை நெறச்சுட்டு வர்ற தண்ணி இங்கதான் காவிரியில் சேருது. பவானி அதுக்கு முன்னாடியே கூடுதுறையில் சேந்திருக்கும், அமராவதி கரூருக்கு அந்தப் பக்கம் சேரும். கொங்கு நாட்டு ஆறு அத்தனையும் கடைசியில் தஞ்சாவூர்ச் சீமைக்குத்தான் போகுது. நாங்களும் அந்தத் தண்ணி போற திக்கிலேயே போய்த் தஞ்சாவூரில் இறங்கி, திருத்துறைப்பூண்டி வழியாப் பஸ் மாறி வேதாரண்யம் சேரும்போது இருட்டிப் போச்சு.

கோடியக்கரைன்னா உங்களில் பாதிப் பேருக்குப் 'பொன்னியின் செல்வன்' பூங்குழலிதான் ஞாபகத்துக்கு வருவாள். கல்கி சொன்ன அந்தக் குழகர் கோயில் நெசமாவே இருக்கு. சுந்தரர் பாடின தலம். இந்தக் கடலோரக் காட்டில் துணை இல்லாமல் தனியா எப்படி இருக்கீர்னு சாமியைப் பாத்து அவர் கேட்டிருக்கார். அங்கே நின்னு பாத்தா அந்தக் கேள்வி ஏன் வந்ததுன்னு புரியும். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம்னு ஜனங்க காட்டிக்கிட்டிருந்த பழைய கட்டடத்தின் மிச்சத்தை 2004 சுனாமி கொண்டு போயிருச்சு.

நம்ம கொங்குக்காரங்களுக்கும் இந்தக் கரைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. திருச்செங்கோட்டுப் பக்கம் ஆசிரமம் வச்சிருந்த ராஜாஜிதான் 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களை நடத்திக்கிட்டு வந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார். அந்த நடைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தது நாமக்கல் கவிஞர். உப்பு கிடைக்கிற ஊர்ங்கிறதை மனசில் வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சோழ மண்டலக் கடற்கரை வடக்கிருந்து நேராத் தெக்கே வந்து, கோடியக்கரையில் சட்டுன்னு மேக்கே மடங்குது. அந்த முனையில் ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. கரையை ஒட்டிப் பாலை மரம் நிறைஞ்ச, எப்பவும் பச்சையா இருக்கிற ஒரு குட்டைக் காடு. அதில் வெளிமான் மேயுது, எப்பவோ விட்டுட்டுப் போன மட்டக்குதிரைகளோட வம்சமும் காட்டுக்குதிரையாத் திரியுது. மேக்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் ஒரே சதுப்பு. அடைமழை பெய்ஞ்சா கடல் உப்பும் மழைத் தண்ணியும் கலந்து, முழங்கால் ஆழத்துக்குக் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணியா நிக்கும். அதில் பொடி மீனும் எறாவும் புழுவும் பெருகும். சைபீரியாவில் பனி விழ ஆரம்பிச்ச நேரத்தில் இங்கே பந்தி தயாரா இருக்கும்.

இப்படி ஒரு இடம் இருக்குன்னு உலகத்துக்குச் சொன்னவர் சாலிம் அலி. 1962-ல் அவர்தான் இதைச் சரணாலயமாக்கணும்னு சிபாரிசு செஞ்சார். 1967-ல் வெளிமானுக்காகச் சரணாலயம் ஆச்சு. 2002-ல் முத்துப்பேட்டைக் காட்டையும் சேத்து 385 சதுர கிலோமீட்டர் ராம்சார் ஈரநிலமாச்சு. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் ராம்சார் இடம்.

ஆனா சரணாலயம்னு பலகை வச்ச தேதியை மட்டும் சொன்னாச் சரித்திரம் முடிஞ்சிடாதுங்க. இந்தப் பறவைகள் எங்கிருந்து வருதுன்னு மனுசன் எப்படிக் கண்டுபிடிச்சான்கிறது அதைவிடப் பெரிய கதை.

ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது. குளிர்காலத்தில் காணாமப் போற குருவி குளத்துச் சேத்துக்குள்ளே போய்த் தூங்குதுன்னு ஐரோப்பாவில் படிச்சவங்களே நம்பினாங்க. 1822-ல் ஜெர்மனியில் ஒரு செங்கால் நாரை கிடைச்சது. அதோட கழுத்தில் ஒரு நீள அம்பு குறுக்கே குத்தி நிக்குது. அம்பைப் பாத்தா ஆப்பிரிக்காவில் செஞ்சது. ஆப்பிரிக்காவில் எவனோ ஒரு வேட்டைக்காரன் விட்ட அம்பைக் கழுத்தில் சுமந்துக்கிட்டே அது அத்தனை தூரம் பறந்து வந்திருக்கு. நாரை எங்கே போய் வருதுங்கிறதுக்குக் கிடைச்ச முதல் அத்தாட்சிகளில் அது ஒண்ணு. பாடம் பண்ணின அந்த நாரையை இன்னமும் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் வச்சிருக்காங்க. கொல்லப் பாத்த கைதான் முதல் சேதியையும் எழுதியிருக்கு.

அடுத்து 1899-ல் டென்மார்க்கில் மார்ட்டென்சன்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அலுமினியத்தில் சின்ன வளையம் செஞ்சு, நம்பரும் விலாசமும் பொறிச்சு, 165 மைனா வகைக் குருவிகளைப் பிடிச்சுக் காலில் மாட்டி விட்டார். எங்காவது எவனாவது பிடிச்சா எழுதிப் போடுவான்னு நம்பிக்கை. பறவைக்கு வளையம் போடுற முறை அங்கிருந்துதான் உலகம் பூரா பரவிச்சு. இந்தியாவில் 1920-களில் தார் சமஸ்தானத்து மகாராஜா வாத்துகளுக்கு வளையம் போட்டுப் பாத்தார். வளையம் கொடுத்தது பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம், 1883-ல் ஆரம்பிச்சது. அந்தச் சங்கமே வேட்டைக்காரங்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் கூடின இடம்தான். சாலிம் அலியும் சின்ன வயசில் ஏர்கன்னில் ஒரு குருவியைச் சுட்டு, அதோட கழுத்து மஞ்சளா இருக்கேன்னு சந்தேகம் கேட்டு அந்தச் சங்கத்துக்குப் போனவர். அதைத்தான் தன் சுயசரிதைக்கே தலைப்பா வச்சார். நம்ம ஆனைகட்டியில் அவர் பேரில் பறவை ஆராய்ச்சி மையம் 1990-லிருந்து இருக்கு. அந்த வழியாப் போறப்பல்லாம் பலகையைப் பாத்திருக்கேன். துப்பாக்கியில் ஆரம்பிச்ச மனுசன்னு அப்பத் தெரியாது.

பெரிய அளவில் வளையம் போடுற வேலை நம்ம நாட்டில் ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஒரு காய்ச்சல். 1957-ல் கர்நாடகத்தில் ஷிமோகாப் பக்கம் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்துச்சு, ஜனங்களும் செத்தாங்க. அந்த வைரஸ் ரஷ்யாவில் இருக்கிற ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்குச் சொந்தம்னு தெரிஞ்சது. அப்போ உண்ணி மூலமா அங்கிருந்து இங்கே கொண்டு வந்தது வலசைப் பறவையா இருக்குமோன்னு சந்தேகம். அந்தச் சந்தேகத்தை வச்சுத்தான் சாலிம் அலி உலக சுகாதார நிறுவனத்திடம் பணம் வாங்கிப் பறவை வலசை ஆராய்ச்சியை ஆரம்பிச்சார். பறவை மேலே போட்ட அந்தக் குத்தம் நிரூபணம் ஆகலை. வேலை மட்டும் நின்னுச்சு. 1960-களில் அமெரிக்க ராணுவத்தோட ஒரு ஆராய்ச்சிப் பிரிவிலிருந்தும் பணம் வந்தது. ஆசியா முழுக்கப் பறவைக்கு வளையம் போட்டு நோய்க்கிருமியைத் தேடின திட்டம் அது. கோடியக்கரையில் வளையம் போடுற முகாம் 1969-ல் ஆரம்பிச்சது.

இங்கே ஒரு விஷயம். 1974-75-ல் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு இதையெல்லாம் தோண்டித் துருவிக் கேள்வி கேட்டுச்சு. அமெரிக்க ராணுவம் எதுக்கு நம்ம ஊர்ப் பறவைக்குக் காசு கொடுக்குது, கிருமியை வச்சுப் போர் பண்ணத் தகவல் சேக்குறாங்களான்னு பத்திரிகையெல்லாம் எழுதிச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு எங்க அப்பாரு ஞாபகம் வந்துச்சு. வளையத்தைப் பாத்து "எதுக்குச் சாமி வம்பு"ன்னு சொன்னவரை விவரம் தெரியாத பட்டிக்காட்டு மனுசன்னு நெனச்சிருந்தேன். டில்லியில் உக்காந்திருந்தவங்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டிருக்காங்க.

சரி, பறவைக்கு வளையம் போடணும்னா முதலில் பறவையை உசுரோட பிடிக்கணும். இறகு ஒடியக் கூடாது, கால் மடங்கக் கூடாது. இந்த வித்தை எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுப்பாங்க? சங்கத்துக்காரங்க அதுக்கு ஆள் தேடிப் போனது பீகாருக்கு. அங்கே மிர்ஷிகார்னு பரம்பரையாப் பறவை பிடிக்கிற சனம் இருக்கு. பிடிச்சுச் சந்தையில் விக்கிறதுதான் அவங்க பொழப்பு. பறவை மாதிரியே குரல் கொடுத்துக் கூப்பிடுவாங்க, காத்து அடிக்கிற திசையையும் தண்ணி ஏத்த இறக்கத்தையும் பாத்து வலை போடுவாங்க. அந்தச் சனத்தில் வந்த அலி உசேன் ராஜஸ்தான் பரத்பூரிலும் நம்ம கோடியக்கரையிலும் சங்கத்துக்காகப் பல வருஷம் பறவை பிடிச்சுக் கொடுத்தவர். ஆராய்ச்சிக் கட்டுரையில் வர்ற ஒவ்வொரு நம்பருக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட ஒரு வேட்டைக்காரனோட கை இருக்கு.

விடிகாலை அஞ்சரைக்கே சதுப்புக்குக் கிளம்பினோம். தூறல் விட்டிருந்தது, வாடைக் காத்து முகத்தில் உப்பா அடிக்குது. வழி காட்ட உள்ளூர்ப் பெரியவர் ஒருத்தர் வந்தார். அறுபத்தஞ்சு வயசு இருக்கும். 1980-களில் இங்கே நடந்த வளைய முகாமில் வலை கட்டுற வேலைக்கு இருந்தவர்.

வெளிச்சம் வந்ததும் முதலில் தெரிஞ்சது பூநாரை. தூரத்தில் தண்ணி மேலே இளஞ்சிவப்பாக் கோடு போட்ட மாதிரி நின்னுச்சு. தங்கச்சி மகன் டெலஸ்கோப்பைத் திருப்பி எண்ண ஆரம்பிச்சான். பக்கத்துச் சேத்தில் கொசு உள்ளான் கூட்டம். கொசுன்னு பேரு வச்சது சரிதான், எடை இருபத்தஞ்சு கிராமுக்கு மேல போகாது. நம்ம வீட்டுச் சிட்டுக்குருவி அளவுதான். அது ஆர்க்டிக் ஓரத்தில் முட்டை வச்சுட்டு இங்கே வந்திருக்கு. மூக்கு கீழ்ப்பக்கமா வளைஞ்ச உள்ளானும் நிறைய. அது வடக்குச் சைபீரியாவிலிருந்து வர்றது. ஆலா நாலஞ்சு தினுசு, பச்சைக்காலி, கரண்டிவாயன். நான் பறவை எறங்குற விதத்தைப் பாத்தே "இது இன்ன உள்ளான்"னு சொல்லச் சொல்ல, அவன் புத்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டு, "சரியாத்தான் சொல்றீங்க மாமா, எப்படி?"ன்னான்.

நான் பேச்சை மாத்திப் பெரியவர்கிட்ட, "ஏனுங்க அண்ணா, வளையம் போடுறது எப்படிங்க?"ன்னு கேட்டேன்.

"கண்ணுக்கே தெரியாத மெல்லிசு வலை தம்பி. ஜப்பான்காரன் முறை. சாயங்காலம் கட்டிட்டு ராத்திரி பூரா மணிக்கு ஒரு தடவை லாந்தரைத் தூக்கிக்கிட்டு நடப்போம். மாட்டினதை எடுத்துத் துணிப்பையில் போட்டுக் கொண்டாருவோம். சார்ங்க எடை போட்டு, மூக்கு, றெக்கை எல்லாம் அளந்து, வளையத்தை மாட்டி விட்டுடுவாங்க. கை சூட்டில் அதோட நெஞ்சு அடிக்கிறது தெரியும். விட்டதும் ஒரு கத்து கத்திட்டுப் போவும் பாருங்க, அது ஒரு சந்தோசம்."

"தகவல் நிறைய வருங்களா?"

"எங்கே? நூறு வளையம் போட்டா ஒண்ணு வந்தாலே பெருசு. ரஷ்யாவிலேருந்து வேட்டைக்காரன் சுட்டுட்டு எழுதுவான். அவன் சுட்டதுக்கு வருத்தப்படுறதா, எழுதினதுக்குச் சந்தோசப்படுறதா? ஒரு தகவல் வந்துட்டா முகாமே அன்னைக்குப் பூரா அதைத்தான் பேசும்."

எனக்குத் தொண்டையில் என்னமோ வந்து நின்னுச்சு. அவர் சொன்னது சரித்திரத்தில் இருக்கிற விஷயம்தான். இந்தியாவில் வளையம் போட்ட வாத்துகள் சோவியத் நாட்டில் சுடப்பட்டு, அங்கத்த ஆள்கள் வளையத்தோட நம்பரை மாஸ்கோவுக்கு எழுதி, மாஸ்கோவிலிருந்து பம்பாய்க்குத் தகவல் வந்து, இப்படித்தான் வலசைப் பாதைன்னு இன்னைக்குப் படத்தில் போடுற கோடெல்லாம் வரைஞ்சாங்க. சுட்டவன் எழுதினான். நாங்க எழுதலை.

அந்த இடத்திலேயே எல்லாத்தையும் சொல்லிட்டேன். கண்ணி, பொறி உள்ளான், சிலேட்டுக் குச்சி, 15 பைசா, எல்லாம். தங்கச்சி மகன் டெலஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்துட்டு என்னையே பாத்தான். பெரியவர் திட்டுவார்னு நெனச்சேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"நம்பர் ஞாபகம் இருக்கா தம்பி?"

"இல்லைங்க அண்ணா. ஒரு எழுத்துக்கூட ஞாபகம் இல்லை."

"அப்ப ஒண்ணுமில்லை"ன்னார். கோபமா சொல்லலை. விதைநெல் முளைக்காமப் போச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னார். "நம்பர் இருந்தா எங்கே போட்டது, என்னைக்குப் போட்டது, யார் கையில் விட்டதுன்னு பொஸ்தகத்தில் இருக்கும். நான் கட்டின வலையில் விழுந்ததாக்கூட இருக்கலாம். நம்பர் இல்லேன்னா அது வெறும் குருவி."

ஒரு குருவியைத் தின்னது பெரிய குத்தமான்னு நீங்க கேக்கலாம். அந்தக் காலத்தில் பசி இருந்தது, வாரத்துக்கு ஒரு நாள்தான் கறி. 1972-லேயே வனவிலங்குச் சட்டம் வந்திருந்தாலும் எங்க குளத்தங்கரைக்கு அது வந்து சேரலை. அப்பாருவை நான் குத்தம் சொல்லலை. எனக்கு உறுத்துறது அந்தக் கார்டுதான். யாரோ ராத்திரி பூரா சேத்தில் நடந்து, அளந்து, எழுதி, ஒரு கேள்வியைக் காலில் கட்டி அனுப்பியிருக்காங்க. கேள்வி சரியா வந்து சேந்துச்சு. பதில் எங்க வீட்டுத் திண்ணையில் நின்னு போச்சு.

அப்படி வந்து சேந்த கொஞ்ச நஞ்சப் பதிலுக்கும் எண்ணி வச்ச கணக்குக்கும் என்ன மதிப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. 1980-களில் கோடியக்கரையில் இருந்த கணக்கோட ஒப்பிட்டுப் பாத்த சங்கத்துப் பறவையியலாளர்கள், கரையோரப் பறவைகள் ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னு 2000-களில் எழுதினாங்க. சதுப்பை ஒட்டி உப்பளம் பெருகினது, மழையும் நல்ல தண்ணியும் வர்ற போக்கு மாறினது, அதனால் உப்பு ஏறி இரை குறைஞ்சது, இதெல்லாம் காரணம். உப்பளத்தால் பல குடும்பம் பொழைக்குது, 1930-ல் சுதந்திரத்துக்கு அள்ளின உப்பும் இதே உப்புதான். அதனால் ஒரு பக்கமாப் பேச எனக்கு வாய் வரலை. ஆனா பழைய கணக்குன்னு ஒண்ணு இல்லைன்னா, குறைஞ்சிருக்குன்னு சொல்லவே ஆள் இருந்திருக்காது. இன்னைக்குப் பாக்குறவன் இன்னைக்கு இருக்கிறதையே நிறையன்னு நெனச்சுக்குவான். நானும் அன்னைக்கு அப்படித்தான் நெனச்சேன். ஆயிரக்கணக்கில் பறவையைப் பாத்து வாய் பொளந்து நின்னப்ப, பெரியவர் "அந்தக் காலத்தில் இது எறங்குனா தரை தெரியாது"ன்னார்.

நல்ல தண்ணிங்கிறது எங்கிருந்து வரும்? மழை ஒண்ணு, காவிரியோட கடைமடை வடிகால் இன்னொண்ணு. கோரையாறு, பாமணியாறு, முள்ளியாறுன்னு வாய்க்கா வாய்க்காலா அந்தச் சதுப்பிலும் முத்துப்பேட்டைக் காயலிலும்தான் வந்து சேருது. மேலே இருக்கிற நாம எடுத்தது போகத்தான் கீழே. நொய்யலில் சாயத் தண்ணி ஓடி, ஒரத்துப்பாளையம் அணையே சாயக்குட்டையான கதை உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன வரைக்கும் போச்சு. கோடியக்கரைக்கும் எனக்கும் நானூறு கிலோமீட்டர்னு ரயிலில் போறப்ப நெனச்சேன். தண்ணிக்கு அது ஒரே வயல், நான் மேமடை, அது கடைமடை. அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்புற வழியில் தென்னந்தோப்புகளைப் பாத்தோம். 2018 நவம்பர் 16 விடியக்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரை ஏறுச்சு. சரணாலயத்துக் காட்டு மரங்களும் சாஞ்சுச்சு, மானும் குதிரையும் செத்துச்சு, டெல்டா பூரா தென்னை வேரோட போச்சு. இப்ப வச்ச கன்னுகள் பாளை விட்டு நிக்குது. ஒரு தென்னைக்காரனுக்கு அதைப் பாக்குறப்ப வர்ற நிம்மதி வேற மாதிரி.

இப்பவெல்லாம் வளையத்தோட சேத்து வண்ணக் கொடி மாட்டுறாங்க, தூரத்திலிருந்தே படிக்கலாம். சாட்டிலைட் கருவியும் இருக்கு. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பின பட்டைவால் மூக்கன் ஒண்ணு, அந்த வருஷம் பொறந்த குஞ்சு, 11 நாள் எங்கியும் எறங்காம 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியா போய்ச் சேந்ததை வரைபடத்தில் பாத்தாங்க. அதுக்கு எந்த வேட்டைக்காரனும் கார்டு எழுதத் தேவை இருக்கலை. ஆனா அந்தக் கருவியை மாட்டவும் முதலில் பறவையைப் பிடிக்கத்தான் வேணும்.

நம்ம பக்கமும் காலம் மாறியிருக்கு. ஈரோட்டுக்குப் பக்கம் வெள்ளோடு குளம் 2022-லும், திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-லும் ராம்சார் இடமாச்சு. வெள்ளோட்டைச் சுத்தியிருக்கிற ஊர்க்காரங்க பறவை பயந்து ஓடிடும்னு தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கிறதில்லை. அதே தீபாவளிக்கு மறுநாள் கறிக்கு உள்ளான் பிடிச்சவன் நான்.

ஊருக்கு வந்த மறு ஞாயித்துக்கிழமை எங்க குளத்துக்குப் போனேன். ஆகாயத்தாமரை பாதிக் குளத்தை மூடிக் கிடக்குது. மிச்ச ஓரத்தில் அதே சேறு, அப்பாரு குச்சி நட்ட அதே எடம். பொறி உள்ளான் பதினொண்ணு மேஞ்சுக்கிட்டிருந்தது. தங்கச்சி மகன் கொடுத்துட்டுப் போன பழைய பைனாகுலரை வச்சு ஒவ்வொண்ணோட காலையும் பாத்தேன். எதிலும் வளையம் இல்லை. தேதி போட்டு நோட்டில் பதினொண்ணுன்னு எழுதினேன். பொங்கலுக்குத் தமிழ்நாடு பூரா பறவை எண்ணுறாங்களாம், 2015-லிருந்து நடக்குதாம். இந்த வருஷம் எங்க குளத்துக் கணக்கு நான் கொடுக்கிறதாச் சொல்லியிருக்கேன்.

உங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். எங்காவது குளத்தங்கரையிலோ கடற்கரையிலோ காலில் வளையமோ கொடியோ போட்ட பறவையைப் பாத்தீங்கன்னா போட்டோ எடுங்க. உசுரோட இருந்தா பிடிக்கப் போகாதீங்க. செத்துக் கிடந்தா வளையத்தில் இருக்கிற நம்பரை முழுசாப் பாத்து எழுதுங்க. தேதி, ஊர் பேரு சேத்துப் பம்பாய் சங்கத்துக்கு அனுப்புங்க. யாரும் உங்களைத் தேடிக்கிட்டு வரமாட்டாங்க. இப்ப 15 பைசா கூட வேண்டாம், போன் போதும்.